பழைய ட்ரைக் வாங்கலாமா? பெரிய எஞ்சினில் முதலில் பார்க்க வேண்டிய சின்னச் சாமான்கள்

உவர்மலையில் பிறந்து, இப்போது டொராண்டோவில் இருக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார். முழங்கால் ஒன்று மாற்றியாகிவிட்டது. பாரமான இரண்டு சில்லு வண்டியைச் சந்தியில் நிறுத்திக் காலூன்ற இனிப் பயமாக இருக்கிறதாம். மனைவியை ஏற்றிக்கொண்டு தூரப் பயணம் போக ஒரு பழைய ட்ரைக், அதாவது மூன்று சில்லு மோட்டார் சைக்கிள், பார்க்கிறார். கையில் இரண்டு இருக்கிறது. ஒன்று 2010ஆம் ஆண்டு ஹார்லி டேவிட்சன் ட்ரை கிளைட். மற்றது 2006ஆம் ஆண்டு ஹொண்டா கோல்ட்விங் 1800, பின்னால் இரண்டு சில்லு போட்டு மாற்றியது. "ஹார்லி எஞ்சின் எண்பதாயிரம் கிலோமீற்றரில் கையைக் கடிக்கும், கோல்ட்விங் எஞ்சினுக்குச் சாவே இல்லை என்கிறார்கள். உண்மையா அண்ணா?" என்பது கேள்வி.

நான் பதினொரு வருடம் வளைகுடாவில் பெரிய மோட்டார் சைக்கிள்கள் மட்டும் வருகிற ஒரு கராஜில் வேலை செய்தவன். இப்போது திருகோணமலையில் அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட என் சொந்தக் கராஜில் ஓட்டோவும் பல்சரும்தான் பார்க்கிறேன். ஆனாலும் அந்தப் பெரிய எஞ்சின்களை விட்டு மனம் இன்னும் வரவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தம்பி, நீங்கள் கேள்விப்பட்ட இரண்டும் பாதி உண்மை. ஹார்லி பற்றிச் சொன்ன பயம் உங்கள் வண்டிக்கு முந்திய எஞ்சினுடையது. கோல்ட்விங் பற்றிச் சொன்ன தைரியம் எஞ்சினுக்குச் சரி, அதைச் சுற்றியிருக்கிற சாமான்களுக்குச் சரியில்லை.

பெரிய எஞ்சினில் பிஸ்டன், கொன்ரொட் போன்ற பெரிய சாமான்கள் தாமாகப் போவது அரிது. நான் பிரித்த எஞ்சின்களில் பெரும்பாலும் முதலில் போயிருந்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஏதாவது ஒன்றுதான்: ஒரு பிளாஸ்டிக் கட்டை, ஒரு ரப்பர் பெல்ட், ஊசி பேரிங், கறுத்துப்போன ஒரு வயர் பிளக். அது போகும்போது பெரிய சாமானையும் கூட்டிக்கொண்டு போகும். எந்த ஆண்டு எஞ்சினில் அந்தச் சின்னச் சாமான் எது என்று தெரிந்தால், வண்டி வாங்குவதில் பாதிப் பயம் போய்விடும்.

ஹார்லியில் இருந்து தொடங்குவோம். 1999ஆம் ஆண்டு மாதிரிகளில் ட்வின் கேம் 88 என்ற எஞ்சின் வந்தது. 88 கன அங்குலம், நம் கணக்கில் 1450 சிசி. பெயரில் இருப்பது போலவே இரண்டு கேம், அதாவது வால்வுகளைத் திறந்து மூட வைக்கிற தண்டுகள். பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்க் தண்டில் இருந்து ஒரு செயின் பின் கேமைச் சுற்றும், அதற்குள்ளே இன்னொரு செயின் இரண்டு கேம்களையும் இணைக்கும். செயின் தளராமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு டென்ஷனர். அதன் முகத்தில் பிளாஸ்டிக் கட்டை, பின்னால் அதைச் செயினோடு அழுத்துகிற ஸ்பிரிங். பிழை இந்த இடத்தில்தான். ஸ்பிரிங் எப்போதும் ஒரே பலமாக அழுத்திக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் தேயத்தானே செய்யும்?

கேம் மூடியைக் கழற்றினால் வெளி டென்ஷனர் கண்ணுக்கு நேரே தெரியும். நல்ல கட்டை வழுவழுப்பாக, செயின் ஓடிய தடம் மட்டும் மெல்லியதாகத் தெரிகிற மாதிரி இருக்கும். தேய்ந்த கட்டையில் செயினின் தகடுகள் ஒவ்வொன்றும் வாய்க்கால் வெட்டியிருக்கும், நகத்தை வைத்தால் நகம் உள்ளே இறங்கும். ஓரம் பொரிந்து, சின்னச் சின்னத் துகளாகக் கையோடு வரும். துகளாக வந்த மிச்சம் எங்கே போயிருக்கும் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிற விஷயம். கீழே ஒயிலுக்குள் விழுந்து, பம்பின் வாயிலும் பிரஷர் வால்விலும் போய் அடைத்துக்கொள்ளும். ஒயில் அழுத்தம் விழும். கட்டை முழுக்கத் தேய்ந்தால் செயின் இரும்போடு உரசி இரும்புத்தூளையும் கொட்டும். இன்னொன்று: வெளியே தெரிகிற டென்ஷனரை மட்டும் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள் டென்ஷனரைப் பார்க்க கேம்களைத் தாங்குகிற தட்டையே கழற்ற வேண்டும். அங்கே எப்படி என்று பார்க்காமல் நம்பக்கூடாது. 40,000 – 50,000 கிலோமீற்றருக்குள் ஒரு தடவையாவது திறந்து பார்க்க வேண்டிய எஞ்சின் அது.

2006இல் டைனா என்ற ஹார்லி வகையிலும், 2007இல் மற்ற எல்லாப் பெரிய இரட்டைச் சிலிண்டர் ஹார்லிகளிலும் இதை மாற்றினார்கள். ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒயில் அழுத்தத்தால் தள்ளுகிற டென்ஷனர், வேறு வகைச் செயின். எஞ்சினும் ட்வின் கேம் 96 ஆனது, 1584 சிசி, ஆறு கியர். ட்ரை கிளைட் 2009ஆம் ஆண்டு மாதிரியாகத்தான் முதலில் வந்தது. வரும்போதே அதில் 103 கன அங்குல எஞ்சின், ஏறக்குறைய 1690 சிசி. ஆகவே நீங்கள் பார்க்கிற 2010 வண்டியில் அந்தப் பழைய ஸ்பிரிங் டென்ஷனர் இல்லை. புதிய வகையிலும் கட்டை தேயும், ஆனால் மிக மெதுவாக. எண்பதாயிரம் தாண்டியிருந்தால் ஒரு தடவை திறந்து பார்ப்பது புத்தி.

அப்படியென்றால் 2010 ட்ரை கிளைட்டில் பார்க்க வேண்டிய சின்னச் சாமான் எது? கொம்பன்சேற்றர். கிராங்கின் இடது பக்க முனையில், எஞ்சினைக் கிளட்சோடு இணைக்கிற செயின் இருக்கிற பிரைமரி மூடிக்குள் இருக்கிற ஒரு ஸ்பிரிங் பொருத்திய பல்சில்லு. பெரிய வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர் கொண்ட எஞ்சின்) ஒவ்வொரு தடவை வெடிக்கும்போதும் ஒரு உதை கொடுக்கும். அந்த உதை நேராக கிளட்சுக்கும் கியருக்கும் போகாமல் வாங்கி அமுக்குவது இதன் வேலை. 2007இல் இருந்து சில வருடங்கள் வந்த வடிவம் பலவீனமானது, அதற்கு ஒயிலும் சரியாகப் போய்ச் சேரவில்லை. 2011இல் இருந்து தூரப் பயணத்துக்கான டூரிங் வகைக்குப் பலமானது வந்தது. தேய்ந்ததைக் காதாலேயே பிடிக்கலாம். ஸ்டார்ட் பண்ணும்போதும் நிறுத்தும்போதும் இடது பக்கத்தில், பழைய இரும்புக் கதவை அடித்துச் சாத்துகிற மாதிரி "டங்" என்று ஒரு அடி. ஐட்லிங்கில் கடகடப்பு. விற்பவர் "ஹார்லி என்றால் இப்படித்தான் சத்தம்" என்பார். அதை ஏற்காதீர்கள். மாற்றியிருக்கிறார்களா, பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அதற்கு அடுத்தது கிராங்க். இந்த எஞ்சின்களில் கிராங்க் ஒரே துண்டாக அடித்தது இல்லை. இரண்டு பிளைவீலையும் ஒரு பின்னில் அழுத்திச் சேர்த்தது. பலமாக உதை வாங்கினால் அந்தப் பொருத்து ஒரு மயிரிழை திரும்பிவிடலாம். திரும்பினால் கிராங்கின் வலது முனை நேராகச் சுற்றாமல் தள்ளாடும். ஒயில் பம்ப் அந்த முனையிலேயே உட்கார்ந்திருக்கிறது, கேம் தட்டும் அதைத் தாங்கியிருக்கிறது. தள்ளாட்டம் இரண்டையும் தின்னும். கேம் மூடி திறந்திருக்கும்போது டயல் இண்டிகேற்றர் வைத்து அளக்க அரைமணி நேரம் போதும். டென்ஷனர் பார்க்கத் திறக்கிற நாளிலேயே இதையும் அளக்கச் சொல்லுங்கள்.

கொம்பன்சேற்றரையும் கிராங்கையும் கெடுப்பதில் ஓட்டுகிறவரின் கைக்கும் பெரிய பங்கு உண்டு. ட்ரைக் ஓட்டுகிறவர்கள் இதில்தான் கூடுதலாகத் தவறு விடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

கோணேசர் கோயிலுக்குப் போகிற வழி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிரட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால் போய், மான்கள் படுத்திருக்கிற மர நிழல் தாண்டி, ரோடு மேலே ஏறத் தொடங்கும். அங்கே ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நின்று ஓட்டோக்களைக் கேட்டுப் பாருங்கள். குடும்பமாக ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு வருகிற பெடியன் கியரைக் குறைக்கச் சோம்பல்பட்டு, மூன்றாவதிலேயே அக்சிலேற்றரை முறுக்குவான். எஞ்சின் சத்தம் உயராது; அடித் தொண்டையில் "டக்... டக்... டக்..." என்று இழுக்கும். வண்டி முழுக்க நடுங்கும். அதே இடத்தில் வயதான ஓட்டோக்காரர் ஒருவர் கீழேயே இரண்டாவதுக்கு இறக்கி, எஞ்சினைச் சீராகச் சுற்றவிட்டு, சத்தமாக ஆனால் நிம்மதியாக ஏறிப் போவார். பெடியனின் ஓட்டோதான் எனக்குக் கிளட்சுக்கும் பேரிங்குக்கும் அடிக்கடி வரும்.

ட்ரைக்கில் இதே கதைதான், இன்னும் பெரிய பாரத்தில். சாதாரண ஹார்லி டூரிங் வண்டி சுமார் 400 கிலோ. ட்ரை கிளைட் தனியாகவே 500 கிலோவைத் தாண்டும். அதற்கு மேல் நீங்கள் இருவர், பின் பெட்டி நிறையச் சாமான். அகலமான பின் பக்கம் காற்றையும் கூடப் பிடிக்கும். ஆனால் ட்ரைக் ஆடாது, சரியாது. வேகம் குறைந்தாலும் காலூன்றத் தேவையில்லை. அதனால் எஞ்சின் திணறுகிறது என்று உடம்பு உணர்வதற்கு முன்னாலே ஆள் ஆறாவது கியரில் சொகுசாக இருந்துவிடுவார். தம்பி, ஒன்று மட்டும் பழகுங்கள். ஏற்றத்திலோ முந்தும்போதோ எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே இருக்கும்போது அக்சிலேற்றரைத் திருகாதீர்கள். முதலில் ஒரு கியர் இறக்குங்கள், பிறகு திருகுங்கள். 2,500க்கு மேல் சுற்றும்போது அந்த எஞ்சினுக்குச் சுகம். ஆறாவது கியர் நெடுஞ்சாலையில் வேகம் பிடித்த பின் போடுவதற்கு.

அப்புறம் சூடு. ஹார்லியின் இரண்டு சிலிண்டரும் 45 பாகையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. முன் சிலிண்டருக்குக் காற்று முகத்தில் அடிக்கும். பின் சிலிண்டருக்கு முன்னவர் சூடாக்கிவிட்ட காற்றுத்தான் கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும்வரை சமாளிக்கும். நின்றால் இரண்டுக்கும் காற்று இல்லை. இதனால்தான் சில மாதிரிகளில், எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகி ஐட்லிங்கில் நின்றால் பின் சிலிண்டருக்குப் பெற்றோலை நிறுத்துகிற ஏற்பாடு வைத்தார்கள். சத்தம் திடீரென்று மாறும். எஞ்சின் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

சூடு ஒயிலை மெல்லியதாக்கும், மெல்லிய ஒயில் அழுத்தத்தைக் குறைக்கும். உங்கள் வண்டியில் ஒயில் அழுத்த மீற்றர் முன்னாலேயே இருக்கிறது. நன்றாகச் சூடான பின் 2,000 சுற்றில் 30 முதல் 38 பிஎஸ்ஐ வரை காட்டினால் நல்லது. ஐட்லிங்கில் ஐந்து, ஆறுக்கு இறங்கினால் அதற்காக வண்டியை விட்டுவிட்டு வர வேண்டாம். 2,000 சுற்றிலும் ஏறாமல் கிடந்தால்தான் விட்டுவிட்டு வர வேண்டும்.

இந்த இடத்தில் என் மனதில் இன்னும் கிடக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். வளைகுடாவில் ஓகஸ்ட் மாதம், வெளியே வெயில் 45 பாகையைத் தொட்ட ஒரு நாள். காற்றால் குளிர்கிற ஒரு பெரிய வி-ட்வின் ஒயில் மாற்ற வந்தது. ஓட்டியவர் நடுத்தர வயதுக்காரர். அடுத்த நாள் மகனோடு பாலைவன ரோட்டில் நீண்ட பயணம் போக இருந்தார். வடிகால் ஆணியைக் கழற்றினேன். அதன் காந்த முனையில் வழக்கமாக ஒரு சாம்பல் பசை இருக்கும், விரலால் தேய்த்தால் மை மாதிரிப் போய்விடும். அன்றைக்கு அதற்குள் ஊசிமுனை மாதிரி மூன்று நான்கு துண்டுகள் மினுங்கின. கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டு போகிற லிப்டரின் ஊசி பேரிங் உடைந்து வருகிறது என்று எனக்குச் சந்தேகம். தலைமை மெக்கானிக்கிடம் காட்டினேன். "துடைச்சுப் போடு, ஆளுக்கு நாளைக்குப் பயணம்" என்றார். நான் துடைத்துப் போட்டேன். மூன்றாம் நாள் வண்டி லொறியில் திரும்பி வந்தது. லிப்டர் உடைந்து, கேம் கீறி, துண்டுகள் பம்புக்குள் போயிருந்தன. தகப்பனும் மகனும் வெயிலில் நாலு மணி நேரம் ரோட்டோரத்தில் நின்றார்களாம். உயிருக்கு ஒன்றும் இல்லை, கடவுள் புண்ணியம். ஓட்டுகிறவரிடம் நேரே போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அன்றிலிருந்து காந்த ஆணியில் கண்டதை வண்டிக்காரருக்குக் காட்டாமல் நான் பூட்டுவதில்லை, அது முப்பது வருடத்துப் பழைய ஓட்டோவாக இருந்தாலும்.

ஆகவே ஒயில். சீனக்குடாவில் அத்தனை எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் எங்களூரில் ஒயில் மாற்றுவதில்தான் கஞ்சத்தனம் கூட. 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். புகைத்துப் புகைத்து எஞ்சின் அதையும் தாங்கியது. ஒயில் இல்லாமல் ஓடிய எஞ்சினை மட்டும் நான் கண்டதில்லை. ஹார்லியில் மூன்று இடத்தில் மூன்று ஒயில்: எஞ்சின், பிரைமரி, கியர்பெட்டி. எஞ்சினுக்கு 20W-50 என்பது வழக்கம். மூன்றும் எப்போது மாற்றியது என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒயில் கூட ஊற்றுவதும் பிழைதான், மிஞ்சியது எயார் ஃபில்டர் வழியாகத் துப்பும். இரண்டு சில்லு வண்டியைச் சாய்த்து நிறுத்தி அளக்கிற பழக்கத்தில் ட்ரைக்கையும் அளந்துவிடாதீர்கள். ட்ரைக் சாயாது. அதன் கைநூலில் சொன்னபடி அளக்க வேண்டும்.

இனிக் கோல்ட்விங். 2001இல் வந்த 1800, ஆறு சிலிண்டர், 1832 சிசி. மூன்று சிலிண்டர் இடது பக்கம், மூன்று வலது பக்கம் படுத்திருக்கும், தண்ணீரால் குளிரும். உதை என்பதே இல்லாத எஞ்சின். ஒரு பக்கத்துப் பிஸ்டனின் ஆட்டத்தை மறுபக்கத்துப் பிஸ்டன் சமன் செய்துவிடும். ட்ரைக்கின் பாரத்தை இழுக்க இதைவிடப் பொருத்தமான எஞ்சின் கிடைப்பது கஷ்டம் என்று நான் மனதாரச் சொல்வேன்.

ஆனால் "சாவே இல்லை" என்கிறவர்கள் கோல்ட்விங்கின் பழைய கதையை மறந்துவிட்டார்கள். 1970களில் வந்த முதல் கோல்ட்விங்கான ஜிஎல் 1000 தொடக்கம் 2000ஆம் ஆண்டு வரை ஓடிய ஜிஎல் 1500 வரை வால்வுகளை இயக்கியது ரப்பர் டைமிங் பெல்ட். அறுந்தால் பிஸ்டன் வால்வில் அடித்து வளைத்துவிடும். கிலோமீற்றர் குறைவாக இருக்கிறதென்று மகிழ்ந்து பழைய 1500 ஒன்றை வாங்கி, இருபது வருடப் பெல்டோடு ஓட்டுகிறவர்கள் உண்டு; ரப்பர் ஓடாமலும் முதுமை அடையும். ஜிஎல் 1200இல் இன்னொரு தொல்லை: கரன்ட் உற்பத்தி செய்கிற ஸ்டேட்டர் எஞ்சினின் பின்பக்கத்துக்குள் இருக்கிறது. அது எரிந்தால் எஞ்சினையே இறக்க வேண்டும். உங்கள் 2006இல் இந்த இரண்டு பிரச்சினையும் கிடையாது. டைமிங் செயின்தான்.

அதில் பார்க்க வேண்டியது வேறு. எயார் ஃபில்டர் ஒன்று. அதை எடுக்க மேல் மூடி முழுவதையும் கழற்ற வேண்டும். வேலை பெரிது என்பதால் பலர் வருடக்கணக்காகத் தொடுவதே இல்லை. எலி கூடு கட்டியிருந்தாலும் தெரியாது. கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டால் விற்பவரின் முகத்திலேயே பராமரிப்பு எப்படி என்று தெரிந்துவிடும். அடுத்தது கூலன்ட், எத்தனை வருடம் ஆகிறது என்று பாருங்கள். ஐட்லிங்கில் இருபது நிமிடம் விட்டு, ஃபான் போடுகிறதா, சூடு காட்டுகிற முள் நிலையாக நிற்கிறதா என்று கவனியுங்கள். ரிவேர்ஸ் போடுவது ஸ்டார்ட்டர் மோட்டாரால். ட்ரைக்கின் பாரத்தை அது ஏற்றத்தில் தள்ளினால் பெற்றரியும் மோட்டாரும் சீக்கிரம் களைக்கும். பின் பிரேக் இழுவை காரணமாக 2001 முதல் 2010 வரையான மாதிரிகளைக் கொம்பனி திரும்ப அழைத்தது. அந்த வேலை செய்தாயிற்றா என்று வண்டி இலக்கத்தைக் கொடுத்து ஹொண்டாவில் கேட்கலாம். பிரேக் பிடித்தபடி இழுத்தால் எஞ்சின் சும்மா உழைக்கும், அத்தோடு தீப்பிடிக்கிற அபாயமும் உண்டு.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி, மாற்றியவர் யார் என்பது. கோல்ட்விங்கை ஹொண்டா மூன்று சில்லாக விற்பதில்லை. வெளியார் செய்த பின் அச்சும், இரண்டு பின் சில்லுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரென்ஷலும்தான் அதில் இருக்கும். அந்த டிஃபரென்ஷல் ஒயில் மாற்றியதற்குப் பதிவு இருக்கிறதா, வயர்களை வெட்டி ஒட்டிய இடங்கள் எப்படி இருக்கின்றன, சாமான் இன்றைக்கும் கிடைக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் தங்கமாக இருந்து, ஒட்டிய வயர் ஒன்றால் இரவில் நடு ரோட்டில் நிற்பது எங்கும் நடக்கிற காரியம்.

வயர் பிளக்கைப் பற்றி எங்களூர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. உப்புவெளிப் பக்கம் கடற்கரையோரம் நிறுத்துகிற ஓட்டோக்களுக்கு உப்புக் காற்று செய்கிற அதே வேலையைத்தான், டொராண்டோவில் பனிக்கு ரோட்டில் போடுகிற உப்பு செய்கிறது. ஸ்டேட்டரில் இருந்து கரன்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேற்றருக்குப் போகிற பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பிடித்திருக்கிறதா, பின்கள் கறுத்து, பிளாஸ்டிக் பழுப்பாகிச் சுருங்கியிருக்கிறதா? கரன்ட் குறைந்தால் எஞ்சின் ஆயிரம் நாடகம் ஆடும். உள்ளே பிழை என்று பிரித்துப் போட்டுக் காசு தின்றவர்களைக் கண்டிருக்கிறேன். பெற்றரி வலுவில்லாமல் பெரிய வி-ட்வினைச் சுற்ற முயன்றால் திரும்பி உதைக்கும், அதுவும் கொம்பன்சேற்றருக்கே அடி.

குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தி வைக்கிறீர்கள் என்றால், வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைப்பது நன்மை என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். ஐந்து நிமிடத்தில் எஞ்சின் முழுதாகச் சூடாகாது, உள்ளே தண்ணீர்தான் கோர்க்கும். ஒயில் மூடிக்கு அடியில் பால் ஆடை மாதிரிப் படிந்திருந்தால் அதன் பொருள் அதுதான். நிறுத்துவதற்கு முன் ஒயில் மாற்றி, பெற்றரிக்குச் சார்ஜர் கொளுவிவிட்டு, வசந்தம் வரும்வரை தொடாமல் விடுங்கள்.

வேறு வண்டிகளும் உங்கள் கண்ணில் படும், சுருக்கமாகச் சொல்கிறேன். கான்-ஆம் ஸ்பைடர் முன்னால் இரண்டு சில்லு கொண்டது. தொடக்கத்தில் வந்த 998 சிசி வி-ட்வின் பிளாஸ்டிக் மூடிகளுக்குள் நன்றாகச் சூடேறும். டூரிங் வகையான ஆர்டியில் 2014இல் வந்த 1330 சிசி மூன்று சிலிண்டர் அதைவிட எவ்வளவோ சாந்தமானது. வாங்கினால் அதை வாங்குங்கள். பிஎம்டபிள்யூ கே 1200 எல்டி என்றால் எஞ்சின் உறுதி, பின் சில்லுக்குப் போகிற ஃபைனல் டிரைவின் பேரிங்தான் அதன் சின்னச் சாமான். கவாசாகி வல்கன் 1500 பழையது என்றால் ஒயில் பம்பைச் சுற்றுகிற பல்சில்லு பிளாஸ்டிக்கா இரும்பா என்று கேளுங்கள். அவ்வளவு பெரிய எஞ்சினின் உயிர் ஒரு பிளாஸ்டிக் பல்லில் தொங்கியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை.

காசு கொஞ்சம் கூடப் போட முடியுமென்றால், 2017 மாதிரிகளில் இருந்து வந்த மில்வாக்கி-எய்ட் எஞ்சின் கொண்ட ட்ரை கிளைட் இருக்கிறது. ஒரே கேம், சிலிண்டருக்கு நான்கு வால்வு, ட்ரை கிளைட்டில் ஹெட்டுக்குத் தண்ணீர்க் குளிரூட்டலும் உண்டு. சூட்டில் பெரிய முன்னேற்றம். அதிலும் ஆரம்ப வருடங்களில் ஒயில் கிராங்க் பெட்டிக்குள் தேங்கி, பலம் குறைந்து, எயார் ஃபில்டரால் துப்பியவை உண்டு. பம்பைப் பிறகு திருத்தினார்கள். கியர்பெட்டி ஒயில் மெல்ல மெல்லப் பிரைமரிக்குள் போகிற தொல்லையும் சிலவற்றில் இருந்தது. ஒன்றில் கூடி மற்றதில் குறைந்திருக்கிறதா என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதும்.

சரி, உங்கள் இரண்டு வண்டிக்கு வருவோம். மாற்றியவரின் பெயரும் பதிவும் ஒழுங்காக இருந்தால் நான் கோல்ட்விங்கை எடுப்பேன். மனைவியோடு, பாரத்தோடு, அவசரமில்லாமல் தூரம் போவதற்கு அந்த ஆறு சிலிண்டர் சரியான துணை. பதிவு இல்லை, மாற்றியவர் யாரென்று விற்பவருக்கே தெரியவில்லை என்றால் ட்ரை கிளைட். அது கொம்பனியே மூன்று சில்லாகச் செய்தது, சாமானுக்கு அலைய வேண்டாம். ஆனால் கேம் பக்கம் ஒரு தடவை திறப்பதற்கும் கொம்பன்சேற்றர் மாற்றுவதற்கும் உரிய காசை விலையில் இருந்து குறைத்துத்தான் பேச வேண்டும். அந்தக் காசு கையில் இல்லாமல் அதை வாங்க வேண்டாம்.

எதை வாங்கினாலும் முதல் ஒயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை எறியாதீர்கள். தகரத்தை வெட்டி, உள்ளே இருக்கிற மடிப்புக் காகிதத்தை விரித்து, வெள்ளைத் துணியில் பரப்பி வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுமினுப்பான தூசி கொஞ்சம் இருக்கும், பரவாயில்லை. விரலால் எடுக்கக்கூடிய துண்டு இருந்தால், அல்லது நிறமான பிளாஸ்டிக் பொடி இருந்தால், எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் பண்ணாமல் எனக்குப் படம் அனுப்புங்கள். இங்கே இரவாக இருந்தாலும் பார்ப்பேன்.

சனிக்கிழமை பார்க்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். விற்பவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், நீங்கள் வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று. போனதும் முதலில் சிலிண்டரில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஒரு கோப்பி குடித்துவிட்டு, அது ஆறும்வரை அங்கேயே இருங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் பத்து விநாடியில் போடுகிற சத்தத்தைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.